அன்றைக்கு நீ வெட்டவில்லை, அண்ணே

என் முரட்டு முத்தையா அண்ணனுக்கு,

நேற்று நம் எஸ்டேட் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். இரண்டு ரேஸ்காரர்கள், ஒருவனுக்கு ஒருவன் ஆகாது. யார் யாரை முந்துகிறான் என்பதுதான் கதை. நீ இருந்திருந்தால் பாய்கூட எடுக்காமல் ஓடிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாய்.

"உன்னை முந்திக் காட்டுகிறேன்" என்று கதாநாயகன் வசனம் பேசினான். லயத்துப் பையன்களுக்குப் பொறுக்கவில்லை. "முந்துறதா? வெட்டுறேன்னு சொல்லுலா! வெட்டு, வெட்டு!" நம் ஊரில் ஒரு காடி இன்னொரு காடியை முந்தினால் 'வெட்டுவது'தானே, வேறு வார்த்தை ஏது?

அந்த வார்த்தைதான் உன் பேரைக் கெடுத்தது, தெரியுமா? உன் செம்பனைக் குலை லோரியும், சந்தனசாமி அண்ணன் ஆள் ஏற்றிப்போகும் லோரியும் செம்மண் ரோட்டில் போட்ட போட்டி ஊரறிந்தது. நீ செத்த அன்று அவர் ஆபீஸ் வாசலில் அழுதார். "என்னை வெட்டாத நாளே இல்லையேடா, இனிமே யாருடா என்னை வெட்டுவா?" அது ஒப்பாரி. மானேஜர் அதைச் சாட்சியாக்கிவிட்டார். ரேஸ் ஓட்டிச் செத்தான் என்று முடித்தார்கள். நம் ஆட்களும் நம்பினார்கள். அம்மா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

நேற்று படத்தில் ஒரு காடி கவிழ்ந்தது. "நம்ம முத்தையா இப்படித்தான் போனான்" என்றது பின்னால் ஒரு குரல். சந்தனசாமி அண்ணன் எழுந்து துணிக்கு முன்னால் போய் நின்றார். அவர் தொப்பை ரேஸ் மைதானத்தையே மறைத்தது.

"மறைக்குதுண்ணே, உட்காரு!"

"உட்கார மாட்டேன். அன்னிக்கு அவன் என்னை வெட்டல. பின்னாலதான் வந்தான். பிரேக்கு புடிக்கல. என் லோரிய இடிக்கக் கூடாதுன்னு கால்வாய்ல திருப்பிட்டான். அந்தப் பிரேக்கப் பாருங்கன்னு ஆபீஸ்ல எத்தனை தடவ கேட்டோம்!"

அன்று அவர் லோரியில் உட்கார்ந்து போன ராக்கம்மா அக்கா கத்தினார். "ஆமா, நாங்க பார்த்தோம்! எங்க உசுரு அவன் குடுத்தது. எங்கள யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை, அண்ணே. களை பிடுங்கப் போகிற பெண்களிடம் எந்த மானேஜர் கேட்பார்?

அதற்குப் பிறகு படத்தை யார் பார்த்தார்கள்? திடல் முழுக்க ஒரே பேச்சு. படக்காரர் கெஞ்சிப் பார்த்துவிட்டு மெஷினைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். எந்த ரேஸ்காரன் ஜெயித்தான் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் இவன்தான் ஜெயித்தான், அவன்தான் ஜெயித்தான் என்று காலையிலிருந்து இரண்டு கட்சியாய்ச் சண்டை!

அம்மா நேற்று ராத்திரியே சந்தனசாமி அண்ணனை வீட்டுக்கு இழுத்துவந்து கோப்பி கொடுத்தார். "ஏன்யா இத்தனை நாளா சொல்லல?"

"ஆபீஸ்ல சொன்னேம்மா. போய் வேலையப் பாருன்னாங்க. என் வாயாலதானே கெட்ட பேரு, இங்க வர மூஞ்சி இல்ல."

"இப்ப மட்டும் புது மூஞ்சியா? குடி." அம்மா சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு! இன்று காலை தலை நிமிர்ந்து கோயிலுக்கும் போனார்.

பிரேக் பார்க்காமல் திங்கட்கிழமை ஒரு லோரியும் கிளம்பாது என்று டிரைவர்கள் பேசி வைத்திருக்கிறார்கள். நான் ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டேன். வாக்குக் கொடுக்கிறேன், லோரிகளுக்கு முன்னால் முதல் ஆளாய் நான் நிற்பேன். மானேஜர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். நகர மாட்டேன்.

செத்தும் உன்னைச் சும்மா விடாத வாயாடித் தங்கச்சி,
செல்வி