தோள் வரைக்கும் நூல்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முதுகுவலி தேவலையா? நம்ம ஒட்டகச்சிவிங்கி பாப்பா ஒழுங்கா சாப்பிடுறாளா?

நீங்க இங்க வந்து இறங்கினதும் கார்ல பாப்பாவை மடியிலேயே வெச்சுக்கறேன்னு சொன்னியே, அந்தப் பேச்சே வேண்டாம். போன வாரம் கிடங்கு வண்டியில டிரைவரண்ணன் பக்கத்துல, அரிசி மூட்டையை மடியில அணைச்சுப் பிடிச்சு உட்கார்ந்திருந்தேன். குறுக்கே நாய் வந்துச்சு, அவர் பிரேக் போட்டார். மூட்டை என் கையை உதறிட்டுப் போய் முன்கண்ணாடியில மோதுச்சு. பயப்படாதே, எனக்கும் நாய்க்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனா கிடங்குல நாள் முழுக்க மூட்டை தூக்கிப் பிழைக்கிறவன் நான். என் கையிலயே நிக்கலை.

அன்னிக்கே குழந்தை சீட் விக்கிற கடைக்குப் போனேன். "மூணு வயசுதான், ஆனா உயரமான பொண்ணு, அடியில மெத்தை போட்டு கார் பெல்ட்டையே மாட்டினா போதுமா?"ன்னு கேட்டேன்.

"உயரம் இருந்தா ஆச்சா? நாலு வயசுகூட ஆகலையே. தூங்கிச் சரிஞ்சா பெல்ட் கழுத்துக்கு வந்துடும். ரெண்டு தோளையும் பிடிக்கிற வார் வெச்ச சீட்டுதான் வேணும். அந்த வார் தோளுக்குக் கீழே இறங்கக் கூடாது. உட்கார்ந்தா தோள் எவ்வளவு உயரம்?"னாங்க கடைக்காரம்மா.

சட்டுனு கையால அளவு காட்டினேன். "இது கைக்குழந்தை அளவாச்சே!"ன்னு சிரிச்சாங்க.

நான் கிளம்பின அன்னிக்கு அவ அவ்வளவுதான் இருந்தா. வீடியோவில முகம்தான் தெரியுது, தோள் தெரியலை.

அவளைச் சுவரோரமா உட்கார வெச்சு, தரையிலிருந்து தோள் வரைக்கும் நூல் பிடிச்சு வெட்டிக் கடிதத்துல வெச்சு அனுப்பு. கிடங்கு வண்டி ஹாரன் அடிக்குது, கிளம்பறேன். போன்ல அளவு சொன்னா போதாதான்னு கேட்காதே. எனக்கு நூலே வேணும்.

பாப்பாவோட அப்பா