எங்கள் மகள் எங்கும் போகவில்லை

டமியெட்டா
திங்கட்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின்

குவைத்தில் பணிபுரியும் என் மதிப்பிற்குரிய கணவர் மஹ்ரூஸ் அவர்களுக்கு, இன்சாஃப் எழுதுவது. உங்கள் மீது இறைவனின் சாந்தியும் நிதானமும் உண்டாகட்டும். வழக்கமாக முதலாவதை மட்டுமே வேண்டுவேன். இன்று நம் இருவருக்குமே இரண்டாவதும் தேவைப்படுகிறது.

நலச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். மேல்மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பழுது பார்த்தாகிவிட்டது. என் முழங்கால் முன்போலவே இருக்கிறது. கீழ்த்தளத்தில் உங்கள் தங்கை சனிய்யாவும் நலம்தான். ஆனால் வியாழக்கிழமை மாலை முதல் நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. இக்கடிதம் எழுத நேர்ந்ததும் அதன் பொருட்டே.

இதைத் தொலைபேசியில் சொல்ல முயன்றேன். நெதர்லாந்து என்ற சொல் என் வாயிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு முறையும் உங்கள் பக்கத்தில் இணைப்பு கெட்டுவிடுகிறது. பாலாடைக்கட்டியின் விலையைப் பேசும்போது கெடுவதில்லை. ஆகவே, உங்கள் மரச்சாமான் தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் பயூமி விடுமுறை முடிந்து நாளைக் காலை குவைத் திரும்புவதை அறிந்து, அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க இயலாது. கிழிக்கலாம், ஆனால் நீங்கள் அப்படிப்பட்டவர் அல்லர்.

நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கு ஒரு பகுதி தெரியும், சனிய்யாவுக்கு ஒரு பகுதி தெரியும். முழுவதையும் அறிந்து அவதிப்படுகிறவர்கள் நானும் நம் மகளும் மட்டுமே.

கடல் உப்பு நம் டெல்டா வயல்களுக்குள் எப்படி ஏறுகிறது என்பதை ஆராய, நெதர்லாந்தின் பல்கலைக்கழகம் ஒன்றில் ரிஹாமுக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கான இடமும் உதவித்தொகையும் கிடைத்தபோது நீங்கள் மகிழ்ந்தீர்கள். உதவித்தொகை கைக்கு வரும்வரை அவளுடைய செலவுக்கு நானே பொறுப்பு என்று உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பினீர்கள். அத்துடன் ஒரு கட்டளையும் அனுப்பினீர்கள். "விசா ஒட்டுற வரைக்கும் ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது. கண்ணு பட்டுரும்" என்றீர்கள். நாம் மூவர், சனிய்யா, அவ்வளவுதான் என்றீர்கள்.

காரணம் எனக்குத் தெரியாததன்று. தன் மகனின் இத்தாலிப் பயணத்துக்காகச் சனிய்யா தெரு முழுவதற்கும் ஷர்பத் வழங்கினாள். சில நாட்களில் விசா மறுக்கப்பட்டது. அன்றிலிருந்து உங்கள் குடும்பத்தார் நல்ல செய்தியைத் தொற்றுநோய் போல ஒளித்து வைக்கிறார்கள். நானும் ஒளித்தேன். அதில் குறை வைத்தேன் என்று எவரும் சொல்ல முடியாது. புதிதாக வாங்கிய பயணப் பெட்டியைச் சலவை இயந்திரத்தின் அட்டைப்பெட்டிக்குள் வைத்து மாடியேற்றினேன். ரிஹாம் தன் ஆங்கில நேர்காணலுக்காகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிப் பழகினாள். யாரேனும் கேட்டால், "வீட்லதான் இருக்கா, என்ன செய்ய" என்று பெருமூச்சு விட்டேன்.

பெருமூச்சு தேவைக்கு மேல் நன்றாக அமைந்துவிட்டது. எதிர்வீட்டு உம்மு ஷெரீஃப் என் மீது இரக்கம் கொண்டு ஒரு மாப்பிள்ளையைக் கொண்டு வந்துவிட்டாள். "எம்.எஸ்ஸி. படிச்ச பொண்ணு இப்பிடி மூலையில கெடக்கலாமா இன்சாஃப்? பையனுக்குச் சொந்தமா மருந்துக்கடை இருக்கு. கொஞ்சம் வழுக்கை. தலைமுடியோடயா குடும்பம் நடத்தப் போறா?" என்றாள். அந்த மனிதர் தம் தாயாருடன் வந்து, ஒரு பெட்டி மிஷப்பக் இனிப்பும் வைத்துவிட்டு, நீரிழிவு மாத்திரைகளைப் பற்றி நெடுநேரம் உரையாற்றினார். மறுக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் இரகசியம் உடையும். "பெருநாள் கழியட்டும், பேசிக்கலாம்" என்றேன். சனிய்யா பக்கத்தில் அமர்ந்து, அதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சென்ற வியாழனன்று ரிஹாம் நீர் மாதிரிகள் எடுக்க மன்ஸலா ஏரிக்குப் போயிருந்தாள். படகில் அலைபேசி எடுக்காது. நான் மீன் சந்தைக்குப் போயிருந்தேன். உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளையின் கெய்ரோ அலுவலகத்திலிருந்து நெர்மீன் என்னும் பெண், புறப்படும் நாளை உறுதி செய்வதற்காக நம் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்திருக்கிறாள். எடுத்தவள், வீட்டைப் பார்த்துக்கொள்ள மேலே வந்திருந்த உங்கள் தங்கை. மாலையில் நான் படியேறும்போதே, போரில் வென்று வந்தவளைப் போல என்னை வழிமறித்துச் சொன்னாள்: "அண்ணி, எவளோ ஒருத்தி வேவு பாக்கப் போன் பண்ணினா. நான் விடுவேனா? 'எங்க பொண்ணு எங்கயும் போகல, பெருநாள் முடிஞ்சா கல்யாணம்'னு சொல்லிப் படக்குனு வச்சிட்டேன்."

அவள் எங்கிருந்து பேசுவதாகச் சொன்னாள் என்று கேட்டேன். "ஏதோ ஆபீஸுன்னா. அப்பிடித்தானே சொல்வாளுக?" என்றாள். அப்போது நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத என் எழுதுகோல் இசையவில்லை. அவளும் விடவில்லை. "எங்கிட்ட ஏன் கத்துற? அண்ணன் என்ன சொன்னாரோ அதத்தான் செஞ்சேன். அவரைக் கேளு" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அண்டை வீட்டாரிடமிருந்து மறைப்பதை நான் அறிவேன். கொடுக்கிறவரிடமிருந்தே மறைக்கும் கலையை உங்கள் குடும்பத்தில்தான் கண்டேன்.

இருப்பினும், இதுவரை நடந்ததைச் சரிசெய்துவிடலாம் என்றே நம்பினோம். வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் திறந்ததும் ரிஹாம் கெய்ரோவுக்கு அழைத்து, தன் அத்தை ஆள் தெரியாமல் பேசிவிட்டதாக விளக்கினாள். மறுமுனையில் நெர்மீன் சொன்னாளாம்: "அத்தை மட்டும்னா பரவாயில்ல ரிஹாம். சந்தேகம் வந்துதான் அடுத்த நம்பருக்குப் போட்டேன், உங்க அப்பாவுக்கு. அவரும் அதையேதான் சொன்னார். 'அப்பிடி எதுவும் இல்லம்மா, என் மகள் எங்கயும் போகல'ன்னார். பொறுப்பேத்தவரே இல்லன்னா நாங்க என்ன பண்றது?"

எனவே நிலைமை இதுதான். வருகிற வியாழனன்று அலுவலகம் மூடுவதற்குள் நீங்களே நெர்மீனை அழைத்து, கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். இல்லையெனில் அந்த இடம் காத்திருக்கும் அடுத்த மாணவருக்குப் போய்விடும். வேறு வழி உண்டா என்று நிபந்தனைகளை முழுவதும் நானே படித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு என்னைக் கைவிட்டது. நான் எழுத்தைக் கைவிடவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். இத்தெருவிலிருந்து நகராட்சிக்குப் போகும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை என் கையால் எழுதப்பட்டவை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், வேறு வழி இல்லை. வருமானம் உள்ளவரே பொறுப்பேற்க இயலும் என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் செல்லாது.

உங்கள் தரப்பில் நானே வாதாடிப் பார்த்தேன். அறியாத குரல், எதிர்பாராத அழைப்பு, யாரோ உளவு பார்க்கிறார்கள் என்று அஞ்சிவிட்டீர்கள், அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெண் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நீங்கள் கையெழுத்திட்ட தேதியையும் சொல்லியிருக்கிறாள். உம்மு ஷெரீஃபுக்கு எவ்வளவு நீண்ட காது இருந்தாலும் அந்தத் தேதி தெரிய வழியில்லை.

ரிஹாம் நடை பழகிய பருவத்தில் நீங்கள் முதல் விடுமுறைக்கு வந்தபோது, அவள் உங்களை "மாமா" என்று அழைத்தாள். எல்லோருடனும் சேர்ந்து நீங்களும் சிரித்தீர்கள். அன்று மதியம் வாத்துக்கறியைத் தொடவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன். தொலைவில் வாழ்வது மனிதரை என்ன செய்யும் என்பதை உங்களைவிட அறிந்தவர் எவருமில்லை. அது மகளுக்கு வேண்டாம் என்று நினைத்தீர்களானால், நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு. என்னிடம் சொல்லியிருக்கலாம். அவளிடம் சொல்லியிருக்கலாம். கெய்ரோவில் நாற்காலியில் அமர்ந்திருக்கும், முன்பின் அறியாத ஒரு பெண்ணிடமா சொல்வது? நீங்கள் இங்கே வேலை இல்லாததால் போனீர்கள். அவளோ தன் வேலையைத் தேடிப் பிடித்து, அது இருக்கும் இடத்துக்குப் போகிறாள். இரண்டும் ஒன்றல்ல.

நேற்றுப் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "அம்மா, அப்பா அப்படிச் சொன்னது பயத்துலயா, மனசறிஞ்சா?"

"பயத்துலதான்டி. உங்க அப்பா வீட்டு ஆளுங்க பூராவும் அப்படித்தான்" என்றேன்.

அவள் தலையசைத்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். போகாதே என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவள் போகமாட்டாள். அது உங்களுக்கும் தெரியும் என்பதே என் கவலை. நான் அவளிடம் சொன்ன பதில் மெய்யா பொய்யா என்பது இனி உங்கள் வாயில் இருக்கிறது.

இறைவன் உங்கள் நாவுக்குத் துணிவையும் உங்கள் தொலைபேசிக்குத் தடையற்ற இணைப்பையும் அருள்வானாக.

தங்கள் மனைவி,
இன்சாஃப்



டமியெட்டா
சனிக்கிழமை, முற்பகல்

மதிப்பிற்குரிய மஹ்ரூஸ் அவர்களுக்கு,

சாந்தி உண்டாகட்டும். இதைச் சனிய்யா தன் அலைபேசியில் படமெடுத்து உங்களுக்கு அனுப்புவாள். ஆம், பேசிக்கொண்டுவிட்டோம். வேறு வழி என்ன, படிக்கட்டு ஒன்றுதானே இருக்கிறது.

நீங்கள் புதன்கிழமையே கெய்ரோவுக்கு அழைத்ததை அறிந்தேன். நன்றி கூறக் கடமைப்பட்டவளே. ஆயினும், ஒரு பெண்ணிடம் ஒரு வாக்கியம் சொல்லும்படித்தான் உங்களைக் கேட்டுக்கொண்டேன் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். நெர்மீன் ரிஹாமிடம் சொன்னாளாம்: "உங்க அப்பா என்னைப் பேசவே விடலப்பா. கையெழுத்து உங்களோடதுதானேன்னு நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள, நீ ஒண்ணாம் வகுப்புல வாங்கின மார்க்கிலேர்ந்து ஆரம்பிச்சிட்டார். நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகணும்னதும் 'சாப்பிட்டுட்டு வாம்மா, நான் லைன்லயே இருக்கேன்'ன்னார்."

அத்துடன் நிறுத்தினீர்களா? தொழிற்சாலை முழுவதற்கும் ஷர்பத் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள் என்பது அந்த நேரத்தில் உங்களுக்கு மறந்துவிட்டதா? பயூமி தன் மனைவிக்குச் சொல்ல, அவள் ரொட்டிக் கடை வரிசையில் சொல்ல, ரிஹாமே தன் இடம் உறுதியானதை எனக்குச் சொல்லி முடிக்குமுன் உம்மு ஷெரீஃப் குலவையிட்டுக்கொண்டு மாடியேறி வந்துவிட்டாள். குலவை முடிந்ததும் சண்டை தொடங்கியது. "ஏன்டி இன்சாஃப், உம்பொண்ணுக்கு நல்ல வழி பொறக்கணும்னு நான் தெனமும் துஆ கேக்கிறேன், நீ எங்கிட்டயே பெருமூச்சு விட்டு நடிச்சியா? அந்தப் பையனோட அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றாள். மிஷப்பக்கைத் தின்றது சனிய்யாதான் என்று சொன்னேன். அதற்கு அவள் சமாதானம் அடையவில்லை.

விசா நேர்காணல் செவ்வாய்க்கிழமைதான். இன்னும் ஒட்டவில்லை. ஒட்டாத விசாவுக்கு ஷர்பத் கொடுக்கக் கூடாது என்று என்னைப் படாத பாடு படுத்திய மனிதர் நீங்கள். இப்போது எனக்கே வாசலில் யார் நின்றாலும் கண் போட வந்தவராகத் தெரிகிறது. நேற்று உங்கள் தங்கையும் நானுமாகச் சாம்பிராணி போட்டு வீட்டைப் புகை மூட்டமாக்கினோம். ரிஹாம் இருமிக்கொண்டே, "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிராதீங்க, நான் நெதர்லாந்துக்குப் போகணும்" என்றாள். அந்தச் சொல்லை அவள் இந்த வீட்டில் உரக்கச் சொன்னது அதுவே முதல் முறை.

புதன் மாலை அவளோடு தனியாகப் பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கதவருகே சற்று நேரம் நின்றேன். மரம் நல்ல கனம், நீங்கள் செய்த கதவு. வெளியே வந்தவள் முகம் கழுவிவிட்டு, தேநீர் இருக்கிறதா என்றாள். அத்துடன், பயத்திலா மனமறிந்தா என்ற அந்தக் கேள்வியை நானும் மூடிவிட்டேன்.

இனி ஒரு விஷயம் மீதமிருக்கிறது. விசா கிடைத்தால் அடுத்த மாதம் முதல் வாரத்தில் பயணம். மேலாளர் விடுமுறை தரமாட்டார், நீங்கள் அலைபேசியின் திரையில் வழியனுப்புவீர்கள் என்று ரிஹாமிடம் சொன்னீர்களாம். கேட்டுப் பார்த்தீர்களா, கேட்காமலேயே சொல்கிறீர்களா? கேட்கவில்லை என்றே எண்ணுகிறேன்.

இத்தனை ஆண்டுகளில் கெய்ரோ விமான நிலையத்துக்கு நான் வந்ததெல்லாம் உங்களை அனுப்பவே. நீங்கள் கண்ணாடிக்கு அப்பால் போய், ஒரு முறை திரும்பிப் பார்த்து, கையசைத்துவிட்டு மறைந்துவிடுவீர்கள். அதன் பிறகு அந்த இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அங்கே நாற்காலிகள் இரா. தேநீர் சூடாக இருக்காது. எதற்காக இன்னும் நிற்கிறோம் என்று தெரியாமலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும். பிறகு டமியெட்டாவுக்கு அத்தனை தூரம் வண்டியில் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் பின்னிருக்கையில் ரிஹாம் என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தாள். இம்முறை உள்ளே போகிறவள் அவள்.

விமானச் சீட்டு விலை, மேலாளரின் கோபம் ஆகியவற்றை எழுதி அனுப்ப வேண்டாம், நான் படிக்கமாட்டேன். ஒரு முறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னோடு நில்லுங்கள். திரும்பும் வழியில் நீங்கள் ஒன்றும் பேசாவிட்டாலும் பாதகமில்லை.

வீட்டிலிருந்து போகிறவர்களையும், வீட்டுக்கு வருகிறவர்களையும் இறைவன் ஒருசேரக் காப்பானாக.

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
இன்சாஃப்