அது அழுகை இல்லையாம், அப்பா

முன்சீட்டு ஓரத்தில் என்னை ஒண்டவைத்துக்கொண்டு ஏனாத்தூர் வரைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டின என் அப்பாவுக்கு,

வருகிற திங்கட்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். உனக்கு வந்த அதே புரை. உனக்கு இருந்த அதே சர்க்கரை. இந்தத் தேதிக்கு வந்து சேர நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

அம்மா போன மாதங்கள் வரைக்கும் பாவு பிணைக்கத்தான் போய்க்கொண்டிருந்தாள். தறியில் தீரப்போகிற பாவின் ஒவ்வொரு இழையோடும் புது இழையைச் சேர்த்து முறுக்கணும். வலது கண்ணில் பனி மாதிரி மூடிக்கொண்டதும் இழைகள் தப்ப ஆரம்பித்தன. தறிக்காரர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார். அதனால் அவளுக்கு ஆபரேஷன் உடனே வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்குப் போட மெஷினில் கண்ணை அளந்தார்கள். ஒரு தடவை ஒரு அளவு வந்தது, மறுதடவை வேறு அளவு. டாக்டரம்மா கீழிமையில் சின்னக் காகிதத் துண்டைச் செருகி, சில நிமிடம் கழித்து எடுத்தார். முனைதான் நனைந்திருந்தது. கண் வறண்டுபோயிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் அளந்தால் அளவு தப்பும், தப்பான லென்ஸ் வைத்தால் பார்வை தெளியாது, ஒரு மாதம் சொட்டு மருந்து விட்டுவிட்டு வாருங்கள் என்றார்.

எரியல, உறுத்தல, எனக்கு எதுக்கு மருந்து என்று அம்மா சண்டைக்கு நின்றாள். டாக்டரம்மா பஞ்சை நூலாகத் திரித்துக் கருவிழியைத் தொட்டார். அம்மா இமைக்கவே இல்லை. சர்க்கரையில் பாதம் மரத்துப்போகிற மாதிரி கண்ணும் மரத்துப்போகுமாம். செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நீ வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்த நாள் ஞாபகம் வந்தது.

அப்போதுதான் உன்னைப் பற்றிக் கேட்டேன். "எங்கப்பாவுக்கு எப்பவும் கண்ணுல தண்ணி ஊத்திக்கினே இருக்கும் மேடம். அப்போ அவருக்கு வறட்சி இல்லதானே?"

"பார்க்காம சொல்ல முடியாதும்மா. ஆனா பல பேருக்கு அதுவும் வறட்சிதான். காஞ்சுபோன கண்ணுதான் அப்படித் தண்ணியாக் கொட்டும். அந்தத் தண்ணி கண்ணுல நிக்காது."

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை, அப்பா.

கல்யாண மண்டபத்தில் போட்ட அந்த இலவசக் கண் முகாம் நினைவிருக்கிறதா? அளக்கிறவர் உன் கண்ணைப் பஞ்சால் துடைத்துத் துடைத்து அளந்தார். தண்ணி நிக்கட்டும்பா, கொஞ்சம் இரு என்றாய். "பின்னாடி எத்தினி பேரு நிக்கிறாங்க பாரு பெருசு, கண்ணக் காட்டு" என்றார். இலவசமாக வந்தவனுக்குக் காத்திருக்கிற உரிமைகூடக் கிடையாதா? உன் கண்ணுக்கு ஒரே ஒரு அளவு. மறுநாளே ஆபரேஷன். எங்கோ எண்ணிக்கை ஏறியிருக்கும், யாரோ போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு கண்ணைச் சிமிட்டினால் ஒரு நொடி தெளிவு, உடனே கலங்கல். நீ ஆட்டோவை விட்டாய். ஜன்னலோரம் உட்கார்ந்த உன் கன்னத்தில் எந்நேரமும் தண்ணீர். வண்டி போன துக்கத்தில் அழுகிறார் என்று தெருவில் பேசினார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

"எதுக்குப்பா இப்படி அழுதுக்கினு உக்காந்திருக்கிற? ஊரே சிரிக்குது" என்றேன்.

"நான் அழுவலமா. அதுவா வருது" என்றாய்.

நான் நம்பவில்லை. அடுத்த வருஷம் உன் நெஞ்சு நின்றுபோகும்வரைக்கும் நம்பவில்லை. அதில் கொஞ்சம் நிஜமாகவே அழுகையும் இருந்ததா, அப்பா? நான் சொன்ன பிறகு?

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? எனக்குத் தெரியாமல் அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வேன் வரும் என்று எழுதின சீட்டு அவள் சுருக்குப்பையில் இருந்தது. ஒரு மாசம் மருந்து விட்டுக்கினு உக்காந்தா அப்புறம் எவன் என்னைக் கூப்பிடுவான் என்று கத்தினாள். நானும் கத்தினேன். கத்திக்கொண்டே, டாக்டரம்மா உன் கண்ணைப் பற்றிச் சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட கேட்டாருடி உங்கப்பா. திரும்ப ஒருக்கா கண்ணக் காட்டலாமான்னு. சும்மா கெடன்னுட்டேன்."

பிறகு சுவரில் தலையைச் சாய்த்து முகத்தை மேலே தூக்கினாள். "ஊத்து" என்றாள்.

ஒரு மாதம், நாளைக்கு நாலு வேளை. காலையில் இமை மேல் வெதுவெதுப்பான துணி. அவள் அரிசி டப்பாவில் ஒளித்துவைத்திருந்த கடலைமிட்டாயை நான் தூக்கிப்போட்டதற்கு, மாமியாக்காரி கூட என்னை இப்படிப் படுத்தலடி என்றாள். சர்க்கரையும் இறங்கியது. போன வாரம் மூன்று தடவை அளந்தார்கள். மூன்றும் ஒன்றாக நின்றன. முதல் நாள் எடுத்த இரண்டு அளவுக்கும் இதற்கும் ஒட்டே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏறியிருந்தால்?

ஆபரேஷனுக்குப் பிறகும் வறட்சி கூடலாம், மருந்தை விடக்கூடாது என்கிறார்கள். விடமாட்டேன். கண் கலங்குது, மங்குது என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும், வயசாகிடுச்சு என்று யாரையும் சொல்லவிடமாட்டேன், நானும் சொல்லமாட்டேன். அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்காரவைப்பேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

நீ சொன்னதை நம்பாமல் போன,
உன் மூத்த பெண் சுகன்யா