நாலாம் நம்பர் பாட்டில்

கத்சுநுமா,
டிசம்பர் 8

அன்புள்ள அண்ணா,

சனிக்கிழமை நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு. நாலாம் நம்பர் பாட்டில் என் முறைக்கு வந்தபோது அதில் அழுகிய முட்டை வாடை அடித்தது. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோகும் முன்பே தெரிந்தது. நான் சொல்லவில்லை. சுத்தமாக இருக்கிறது என்றேன். நாலாம் நம்பர் உன்னுடையது.

கோபப்படு. ஆனால் கடிதத்தைக் கடைசிவரை படித்துவிட்டு.

வடக்கே உங்கள் ஊரில் இப்போது பனி முழங்காலுக்கு வந்திருக்கும். இங்கே இன்னும் பனி இல்லை. காற்றுதான் கன்னத்தை அறுக்கிறது. திராட்சைப் பந்தலில் கடைசி இலையும் விழுந்து, கம்பிகளுக்கு மேலே வானம் வெறுமனே தெரிகிறது. ஃபுஜி எதிர் மலைக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மா நலம். முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டால் மட்டும் எரிந்து விழுகிறாள்.

நவம்பரில் நீ எழுதியதை நான் மறக்கவில்லை. உன் முதல் ஒயினைப் பெயர் சொல்லாமல், ஊரில் ஒயின் செய்கிறவர்கள் கூடிக் குடித்துப் பார்க்கும் டிசம்பர் கூட்டத்தில் வைக்க வேண்டும், அப்பா வாயிலிருந்து வருவதை ஒரு சொல் மாற்றாமல் எழுத வேண்டும், அவர் தேறாது என்றால் அங்கே நீ கொடி நட்ட நிலத்தை விட்டுவிட்டு சப்போரோவில் ஏதாவது வேலைக்குப் போய்விடுவேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகும் ஒன்றை உனக்கு எழுதாமல் விட்டேன். இப்போது எழுதலாம். ஊருக்கே தெரிந்துவிட்டது.

அப்பாவுக்கு வாசனை தெரிவதில்லை. பிப்ரவரியில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார் என்று எழுதினேனே, அப்போது போனது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. மார்ச் மாதம் ஒரு நாள் அடுப்பில் மீன் கருகிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்தவர், கண் எரிந்த பிறகுதான் தலை நிமிர்ந்தார். அதன் பிறகு நான் கவனித்தேன். கிண்ணத்தைச் சுழற்றுவார், மூக்கைக் கொண்டுபோவார். மூச்சை இழுக்கும் சத்தம் மட்டும் இருக்காது.

அந்த மனிதர் இந்த ஆண்டு ஒயினை எப்படிச் செய்தார் என்பதை நீ பார்த்திருக்க வேண்டும். செப்டம்பரில் தினமும் காலையில் பந்தலுக்கு அடியில் போய் நிற்பார். குலைக்கு மேல் கட்டிய காகிதக் குல்லாயைத் தூக்கி, ஒரு பழத்தை உருட்டிப் பார்த்து, விதையைக் கடித்து, அது உடைகிற சத்தத்தைக் கேட்பார். விதை மொறுமொறுவென்று உடைந்த அன்றுதான் அறுப்பு தொடங்கியது. பழம் தொட்டிக்குப் போன பிறகு தொட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். நொதிக்கும் வேகம் காதுக்குத் தெரியுமாம். உள்ளங்கையை வைத்துச் சூட்டைச் சொல்வார். நானும் கருவியை வைத்துப் பார்த்தேன். அரை டிகிரி கூடப் பிசகவில்லை.

ஆனால் காதும் கையும் போதாது. உனக்கும் தெரியும். மிச்சத்தைச் செய்தவள் அம்மா.

அம்மா ஒயினைப் பற்றி வாயே திறக்க மாட்டாள் என்பது உனக்கு நினைவிருக்கும். தேநீர்க் கிண்ணத்தில் ஊற்றியதைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவாள். இந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் புலம்பத் தொடங்கினாள். ஒரு நாள், "இதென்ன, பேரிக்காயை வாங்கி மூணு நாள் மறந்து வெச்ச மாதிரி இருக்கு" என்றாள். மறுநாள் காலை அப்பா இரண்டாம் தொட்டியின் குளிரூட்டலைக் கூட்டினார். இன்னொரு நாள், "தொட்டிக்குப் பக்கத்துல உக்காந்து நகப்பூச்சு போட்டது யாரு? மிசுஹோ, நீயா?" என்று என்னைத் திட்டினாள். நான் பிறந்ததிலிருந்து நகப்பூச்சு போட்டதில்லை. அப்பா ஹோதோ நூடுல்ஸ் குழம்பில் இருந்த பூசணிக்காயைப் பொறுமையாக மென்று முடித்தார். சாப்பிட்டுவிட்டுப் போய் ஐந்தாம் தொட்டியை மற்றவற்றோடு கலக்காமல் தனியாக ஒதுக்கி வைத்தார்.

அவர் கேட்கவில்லை. அவள் தெரியும் என்று சொல்லவில்லை. இரண்டு மாதம் இப்படியே ஓடி, எட்டுத் தொட்டி ஒயின் தெளிந்தது. நான் நடுவில் உட்கார்ந்து முள்ளங்கி ஊறுகாயைக் கடித்துக்கொண்டு, இந்த இரண்டு பேரிடமும் ஒன்றும் தெரியாதவள் போல இருந்தேன். இதைவிட அழகாக ஒரு ஒயின் செய்யப்பட்டதை நான் எங்கும் படித்ததில்லை.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு தலைமை முறை அப்பாவுக்கு. பாட்டில்களுக்குச் செய்தித்தாள் சுற்றி நம்பர் போடுவது தலைவர் வீட்டு வேலை என்பதால் உன்னுடையதை நடுவில் நுழைப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை. சில வீட்டுக்காரர்கள் இரண்டு பாட்டில் கொண்டுவருவார்கள், எண்ணிக்கையை யாரும் பார்க்கவில்லை. விதிகள் நீ இருந்த காலத்தில் இருந்தவைதான். தலைவர் முதலில் பேச வேண்டும். ஒவ்வொருவரும் முதலில் குறையைச் சொல்ல வேண்டும், குறை சொல்லாமல் புகழக் கூடாது. செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசி விதியை அப்பாவின் பழைய கூட்டாளி உஷியாமா இந்த ஆண்டும் மீறினார். இரண்டாம் நம்பரைக் குடித்த அப்பா, "புளிப்பு முன்னால ஓடி வருது, பின்னால யாரையும் காணோம்" என்றதும் அவர், "என் வீட்டுக்காரி கோயிலுக்குப் போற மாதிரின்னு சொல்லு" என்றார். யாருடைய பாட்டில் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

முதல் மூன்றையும் அப்பா நாக்கை வைத்துக்கொண்டே சமாளித்தார். புளிப்பு, கசப்பு, இனிப்பு, நாக்கில் அதன் கனம் எல்லாம் அவருக்குத் தெரியும். வாசனையைப் பற்றி ஒரு சொல் பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார். பிறகு நாலாம் நம்பர் வந்தது.

ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். நீ வீட்டை விட்டுப் போன பிறகு நான் பார்க்காத ஒரு முகம் அவருக்கு வந்தது. சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்: "இது சுத்தமா இருக்கு. புளிப்பு எவ்வளவு நேரா நிக்குது பாருங்க. குளிர் தெரியுது. இதைச் செஞ்சவனுக்குப் பொறுமை வந்திருக்கு." குறை எதுவும் சொல்லவில்லை. தலைவரே விதியை மீறினார்.

அடுத்தது நான். குறை இருக்கிறது என்று சொன்னால் அப்பாவுக்கு மூக்கு இல்லை என்பதை ஊர் முன்னால் நானே சொன்னதாக ஆகும். "ஆமாம், சுத்தமா இருக்கு" என்றேன். உன்னைப் பற்றி அந்த நேரத்தில் நான் யோசிக்கவே இல்லை, அண்ணா.

எனக்குப் பக்கத்தில் தொகுயே அக்கா. கீழ்த் தெருவில் தன்னந்தனியாக மூன்று தொட்டி ஒயின் செய்கிறவர், சாதாரணமாக யாருக்கும் சலுகை காட்ட மாட்டார். கிண்ணத்தை முகர்ந்தார், என்னைப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். அவருக்கு அடுத்தவரும் நல்லா இருக்கு. அதற்கடுத்தவரும். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, எல்லோருக்கும் தெரியும். ஜூனில் ஒரு கல்யாணத்தில் கெட்டுப்போன பாட்டிலை அப்பா அருமை என்றாராம். அன்றிலிருந்தே ஊருக்குத் தெரியும். ரகசியத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நம் வீடுதான் நினைத்துக்கொண்டிருந்தது.

கடைசி ஆள் உஷியாமா. முகர்ந்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு" என்றார்.

அப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"உஷியாமா, இப்ப என்ன சொன்ன?"

"நல்லா இருக்குன்னேன்."

"முப்பத்தோரு வருஷமா நீயும் நானும் இந்தப் பாயில உக்காந்திருக்கோம். உன் கல்யாணத்துக்கு நீயே செஞ்ச ஒயினைக் கூட நீ நல்லா இருக்குன்னு சொன்னதில்ல."

உஷியாமா பேசாமல் இருந்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது, அதை எடுக்கக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்பா சொன்னார்: "என் மூக்கு போயிடுச்சு. பிப்ரவரியில காய்ச்சல் வந்தப்ப. உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குன்னு இப்பதான் எனக்குத் தெரியுது. ரொம்ப நன்றி. ஆனா எனக்கு மரியாதை பண்றேன்னு இந்த ஒயினைக் கெடுத்துடாதீங்க. இதைச் செஞ்சவன் பொய் கேக்கிறதுக்காக இங்க வைக்கல. மறுபடி ஊத்துங்க. இந்தத் தடவை கடைசியிலேருந்து ஆரம்பிக்கலாம்."

நான் படித்த கதைகளில் இப்படி ஒரு இடம் வந்தால் யாராவது அழுவார்கள். இங்கே உஷியாமா கிண்ணத்தை நீட்டி, மறுபடி வாங்கி, இரண்டு மடங்கு சத்தத்தோடு முகர்ந்தார். அப்பாவைப் பார்த்து, "முட்டை" என்றார். "கோழியே என்னுது இல்லேன்னு கைகழுவுற முட்டை. யோவ் நைத்தோ, இதைச் சொல்லாம அடக்கி வெச்சதுல எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா என்னைத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க." தொகுயே அக்கா, "தூக்க ஆள் பத்தாது" என்றார். அதன் பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்.

ஆனால் அடுத்து உஷியாமா செய்ததை நீ கவனமாகப் படி. சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து யென் நாணயத்தை எடுத்துத் தேநீரில் கழுவி, உன் ஒயினில் போட்டுச் சுழற்றினார். செம்பு பட்டதும் அந்த வாடை போய்விட்டது. கிண்ணம் கை மாறி மாறி வந்தது. அடியில் வேறொரு ஒயின் இருந்தது, அண்ணா. பச்சை ஆப்பிளும், மழை நின்ற பிறகு கல்லில் வரும் வாசனையும். தொகுயே அக்கா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தார். உஷியாமா, "புளிப்பு கொஞ்சம் அதிகப்பிரசங்கி. ஆனா பேச விஷயம் இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் யாருக்கும் கிடைத்ததில்லை.

அப்பா என் பக்கம் திரும்பி, "மிசுஹோ, நீ?" என்றார். சொன்னேன். "முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். அதைவிடப் பெரிதாக என்னை அவர் திட்டியதில்லை.

அவர்கள் எல்லோரும் சேர்ந்து சொன்ன வழி இது: ஒயினை வண்டலிலிருந்து உடனே பிரித்துவிடு. வேறு தொட்டிக்குக் காற்றுப் படும்படி மேலிருந்து விழவிட்டு மாற்று. ஒரு வாரம் கழித்து முகர்ந்து பார். அப்போதும் வாடை இருந்தால், மாற்றும்போது சுத்தமான செப்புத் தகட்டின் மேல் வழியவிடு. கொட்டிவிடாதே. இதை அப்பா இரண்டு தடவை சொன்னார். செய்தவர் அந்த அறையில்தான் இருக்கிறார் என்பது போல எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது வண்டியை அவர்தான் ஓட்டினார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். பிறகு, "பார்சல் என்னைக்கு வந்துச்சு?" என்றார். வியாழக்கிழமை என்றேன். "பனிக்கு அடியில கொடியைப் புதைச்சு வளர்த்து இப்படிப் புளிப்பு வருமா? அந்த நிலம் வேணாம்னு நான்தான் சொன்னேன்" என்றார். முதல் வாயிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. உன் ஒயின் என்று தெரிந்துதான் நல்லது என்றார். உன் ஒயின் என்று தெரிந்துதான் ஊர் முன்னால் தன் மூக்கைப் பற்றிச் சொன்னார். இரண்டையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னார். அம்மா எதை என்று கேட்கவில்லை. "அப்ப நான் இனிமே சாப்பிடும்போது புலம்ப வேணாம்" என்றாள். "புலம்பு. காது பழகிடுச்சு" என்றார் அப்பா. அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் தேவைக்கு மேல் நெடுநேரம் கேட்டது.

திங்கட்கிழமை கோஃபுவில் மருத்துவரிடம் போகச் சம்மதித்திருக்கிறார். மருத்துவரிடமிருந்து நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். நிலத்தை விடுவதா வேண்டாமா என்று நான் சொல்லக் கூடாது. நீ வர வேண்டும் என்று அப்பா சொல்லவில்லை, நானும் கேட்கப் போவதில்லை. ஜனவரி கடைசியில் மேல் தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து தொடங்குகிறோம் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். பந்தல் உயரம் உனக்குத் தெரியும். அப்பாவால் இப்போதெல்லாம் நெடுநேரம் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க முடிவதில்லை. அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறாள், தபாலில் போட்டால் அளவு பார்க்க முடியாது என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பனியில் சறுக்காமல் நட. உன் தொட்டிகள் எல்லாம் தெளிந்து வரட்டும்.

அன்புடன்
உன் தங்கை
மிசுஹோ

*

(என்னிடம் உள்ள நகலின் அடியில் எழுதி வைத்தது)

அண்ணன் ஜனவரி இருபத்தெட்டாம் தேதி வந்தான். ஆறு நாள் இருந்தான். அவனும் அப்பாவும் மேல் தோட்டம் முழுவதையும் கவாத்து செய்து முடித்தார்கள். ஏழாம் நாள் காலை ரயிலில் அவன் வடக்கே திரும்பிப் போனான். மே மாதம் அவனுடைய ஒயின் பாட்டிலில் ஏறியது, அறுநூற்று நாற்பது பாட்டில். அப்பாவுக்கு வாசனை திரும்பவில்லை.