தவிடு தின்ற வேன்

ஆடி 4, திங்கள்

காலையிலிருந்து சாரல். முற்றம் முழுக்கச் சேறு. வேன் மாமரத்தடியில்.

சனிக்கிழமை இனயம் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வரும்போது வழியிலேயே கொதித்து நின்றது. மீன்காரப் பெண்கள் நம் வீடு வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். பிறகு கூடையைத் தலையில் வைத்து மார்த்தாண்டம் சந்தைக்கு நடை. ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை. வேறு எந்த மோட்டாரும் அவர்களை ஏற்றாது. மீன் நாற்றமாம்.

இன்று சாயங்காலம் என் வீட்டுக்காரருடைய அண்ணன் வந்தார். மார்த்தாண்டத்தில் பலசரக்குக் கடை. வேன் மேல் வெகு நாளாய்க் கண்.

"லேய், ஒனக்க கையி ஒடிஞ்ச நாள்லேருந்து இந்த வண்டியும் சொகமில்ல. எனக்கிட்ட தந்திரு. பெஞ்சு போட்டு ஆளேத்துவேன்."

மாமனார் வாங்கிய வண்டி. ஓட்டுகிறவன் வைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் சாகும்போது சொன்ன வார்த்தை. இவர் தலையைக் குனிந்துகொண்டு, "சனிக்கிழமைக்குள்ள கொதிக்காம மார்த்தாண்டம் போயிட்டு வந்தா எனக்கு. இல்லன்னா நீங்க கொண்டு போங்க அண்ணே" என்கிறார். போகட்டும் என்று முடிவு செய்துவிட்ட குரல்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் சரியாக்குவேன் அத்தான்" என்றேன் அண்ணனிடம்.

"நீ போய்ச் சோறாக்கு, ஏட்டி."

சோறும் ஆக்கினேன். அண்ணனுக்குப் போடவில்லை. வேலை இருக்கிறது என்று போய்விட்டார், நல்லதாயிற்று.

ஆடி 5, செவ்வாய்

வெளிவாங்கிய வானம். ரேடியேட்டரைக் கழற்றினேன். தேவைப்பட்டவை: ஸ்பேனர் இரண்டு, தேங்காய் எண்ணெய் (துருவுக்கு), சுத்தியல், நிறையக் கெட்ட வார்த்தை. கடைசியில் சொன்னதை மனசுக்குள் மட்டும்.

இவர் நார்க்கட்டிலில். வலது கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி. வண்டிக்கு முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றி எஞ்சினைக் கிளப்பும்போது கம்பி திருப்பி அடித்து ஒடிந்த கை அது. வர்ம ஆசான் பச்சிலை வைத்துக் கட்டி எலும்பைச் சேர்த்துவிட்டார். மனசுக்கு யாரும் கட்டுப் போடவில்லை.

ரேடியேட்டரைக் கவிழ்த்தேன். தண்ணீர் வரவில்லை. குலுக்கினேன். பொத்தென்று ஒரு கட்டி விழுந்தது. பழுப்பு நிறம், புளித்த வாடை. விரலால் நசுக்கிப் பார்த்தேன். தவிடு! மாட்டுக்கு வைக்கிற பதத்தில் வெந்த தவிடு.

"இது என்ன?"

"ஒழுக்கு இருந்துதுல்லா. தவிடு போட்டா அடைச்சிரும். இந்த ரோட்டுல ஓட்டுக எல்லாரும் போடுவாங்க."

"எப்பப் போட்டீங்க?"

"ஒழுகும்போல்லாம்."

மாட்டுக்குக்கூட இவ்வளவு போட்டிருக்க மாட்டார். சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் அழுகை. ஒழுக்கை அடைக்கப் போட்டது தண்ணீர் ஓடும் குழாயையும் அடைக்காதா? இதை ஒருவரும் யோசிக்கவில்லை. அத்தனை டிரைவர்களும் மீசைக்காரர்கள்.

ஆடி 6, புதன்

மழை இல்லை. ரேடியேட்டரைத் தலைகீழாக வைத்து, மாமரக் கவட்டையில் வாளி கட்டி, மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் இறக்கினேன். உயரத்திலிருந்து வந்தால்தான் வேகம். எட்டிய குழாய்களில் ஈர்க்குச்சி விட்டுக் குத்தினேன். பிறகு புளி கரைத்த சுடுதண்ணீர். மத்தியானத்துக்குத் தண்ணீர் தெளிந்தது. கோழிகளுக்குக் கொண்டாட்டம், முற்றமெல்லாம் தவிடு.

ஒழுக்கு இருந்த இடத்தில் ஈயம் வைத்தேன். பார்க்க அசிங்கம். ஒழுகவில்லை.

சபை உபதேசியார் மனைவி வந்தாள். மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

"பொம்பளைக்கு ஏத்த வேலையா இது? சபையில நாலு பேரு நாலு விதமாப் பேசுகாங்க, கேட்டியளா?"

"பேசட்டும். பேசிக்கிட்டே ஒரு வாளித் தண்ணி கோரித் தரச் சொல்லுங்க."

போய்விட்டாள். கருப்பட்டிக் காப்பி போட்டு வைத்தது வீண். நானே குடித்தேன்.

எஞ்சினில் தண்ணீர்க் குழாய் சேரும் இடத்தில் வைக்கிற வளையம் கிழிந்துவிட்டது. தோல் வேண்டும். வீட்டில் இருந்த ஒரே தோல், பாதி ஏடு போன ஞானப்பாட்டுப் புத்தகத்தின் அட்டை. கொஞ்சம் யோசித்தேன். கொஞ்சந்தான். வெட்டி எண்ணெயில் ஊறப் போட்டேன். ஏடுகளை நூலால் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். கர்த்தர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், உபதேசியார் மனைவிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆடி 7, வியாழன்

எல்லாம் பூட்டி, தண்ணீர் நிறைத்தாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் கம்பி சுற்ற, இவர் ஓட்ட, நான் பக்கத்தில். சமதரையில் ஒரு குறையும் இல்லை. இவர் முகத்தில்கூட ஒரு தெளிவு.

மேட்டில் ஏறும்போது இழுக்கவில்லை. முக்கல், முனகல். மூடியைத் தூக்கிக்கொண்டு ஆவி.

"நான் சொன்னேன்லா" என்றார் இவர். சொல்லவே இல்லை. ஆனால் ஏதோ பாரம் இறங்கினவர்போல இருந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆத்திரம். தோற்பது அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

இறங்கிப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து புகை போகும் குழாய் அடுப்புக் கங்குபோலச் சிவப்பு. தண்ணீர் இருக்கிறது, ஓடுகிறது. பிறகு ஏன் இவ்வளவு சூடு?

வீட்டுக்கு வந்தும் சாப்பிடப் பிடிக்கவில்லை. மறுபடி டிரைவர் இடத்தில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே நெருப்புப் பொறிக்கு ஒரு லீவர். கல்யாணமான புதிதில் இவரே பெருமையாகக் காட்டியது: "கெளப்பும்போ மேல இருக்கணும், பொறி பிந்தி விழும். கெளம்பின பொறவு கீழ இழுக்கணும், பொறி முந்தும். அப்பத்தான் வண்டிக்கு உசிரு."

இழுத்தேன். வரவில்லை. கீழே குனிந்து தடவினால், கயிறு. தேங்காய்ச் சவுரிக் கயிற்றால் லீவரை மேலேயே இருக்கும்படி இறுக்கிக் கட்டியிருக்கிறது. முடிச்சில் பழைய எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது.

பொறி பிந்தியே விழுந்தால் நெருப்பு வண்டியைத் தள்ளாது. குழாயைத்தான் சுடும். கை ஒடிந்த பிறகு கட்டியிருக்கிறார். பொறி முந்தினால் கம்பி திருப்பி அடிக்குமே என்கிற பயம். வண்டி கொதிக்கத் தொடங்கியதும் அப்போதுதான்.

ஆடி 8, வெள்ளி

காற்று. கயிற்றை அரிவாளால் அறுத்தேன். அவர் பார்க்கத்தான் அறுத்தேன்.

"ஏட்டி, என்ன செய்யே? அது கைய ஒடிச்சுப் போடும்!"

"கெளப்பும்போ மேல வைப்போம். நான் சுத்துகேன். உங்களுக்கு என்ன?"

"ஒனக்க கை ஒடிஞ்சா?"

இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாளும் அவர் கையை நினைத்துத்தான் பயப்படுகிறார் என்று எண்ணியிருந்தேன். ஆனால் இளகினால் வேன் போய்விடும்.

"ஒடிஞ்சா ஆசான் இருக்காரு. ஏறி இரிங்க."

கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடித்து, கம்பியை மேலே மட்டும் இழுத்தேன், கீழே அமுக்கவில்லை. மூன்றாம் இழுப்பில் பிடித்தது. ஓடிப்போய் உள்ளே கை நீட்டி லீவரை நானே கீழே இழுத்தேன். அவர் அதைத் தொடவில்லை. எஞ்சின் சத்தமே மாறிப்போயிற்று.

மேடு ஏறியது. மார்த்தாண்டம் சந்தையைச் சுற்றினோம். திரும்பினோம். ஆவி இல்லை. மூடியைத் தொட்டுப் பார்த்தேன். சூடுதான், ஆனால் கொதிக்கவில்லை. அவர் இரவு இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆடி 9, சனி

அண்ணன் வந்தார். ஒரு ஜோடிக் காளை, வடக்கயிறு, வண்டியை இழுத்துக்கொண்டு போக. பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதித் தெரு.

நேற்று கொதிக்காமல் போய் வந்ததை நான் சொல்ல, இவர் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அண்ணன் குனிந்து ரேடியேட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நல்லதாப் போச்சு. இனி காளை எதுக்கு? ஓட்டியே கொண்டு போறேன். கையில்லாதவனுக்கு மோட்டார் எதுக்குலே? அப்பா ஓட்டுகவனுக்குன்னுதானே சொன்னாரு?"

சரிசெய்ததே எனக்கு வினையாகிப் போயிற்று. இவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி நின்றார்.

நான் கிளப்புகிற கம்பியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"கம்பியத் தா, ஏட்டி."

"தரமாட்டேன்."

"புருசன் நிக்கும்போ நீ என்ன பேச்சுப் பேசுக?"

"அவரு பேசினா நான் ஏன் பேசப்போறேன்?"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கம்பியைக் கீழே விடவில்லை.

அப்போது இவர், தரையைப் பார்த்தபடி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி:

"அண்ணே, காளையப் பிடிச்சுக்கிட்டுப் போங்க."

ஆடி 11, திங்கள்

விடியுமுன் மழை, பிறகு நின்றது. இனயத்திலிருந்து பெண்கள் ஆளனுப்பிவிட்டார்கள், நெத்திலி நிறைய விழுந்திருக்கிறதாம்.

எடுத்து வைத்தவை: தண்ணீர் இரண்டு குடம், ஸ்பேனர், சாக்கு, அவருக்குக் கஞ்சி.

கம்பியைக் கேட்டார். "நான் சுத்துவேன், நீங்க உள்ள இரிங்க" என்றேன். சுற்றினேன். பிடித்தது. லீவரை இழுக்க ஓடினேன்.

அதற்குள் அவரே இழுத்துவிட்டார். ஒடிந்த கையால்.