கப்பலுக்கு ஓர் அர்ச்சனை

மயிலாப்பூர்,
வெள்ளிக்கிழமை

உங்களுக்கு என் நமஸ்காரம். இருமல் தணிந்ததா? கல்லிடைக்குறிச்சியில் கஷாயம் வைத்துத்தர ஆளில்லையே என்றிருக்கிறது. மருமகள் ஹம்சா வயிற்றுப் பிள்ளையோடு சௌக்கியம். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால் எழுதுகிறேன்.

சாப்பிடும்போது அவள் உலக அரசியல் பாட்காஸ்ட் கேட்பாள். நேற்று அதில் ஒருவர், வளைகுடாவில் நடக்கும் சண்டையில் நாலைந்து கப்பல்கள் அடிபடுவது எதிர்பார்த்ததுதான் என்றார், ரொம்ப நிதானமாக. நம் பிள்ளை சாய்சரண் வேலை பார்க்கும் கப்பல் அங்கேதான் நிற்கிறது. ஹம்சா பிசைந்த சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அந்தக் குரல் இப்போது என் ஜபத்துக்குள்ளும் வந்து பேசுகிறது.

இன்று கபாலி கோயில் அர்ச்சனையில், பிள்ளை பேருக்குப் பதிலாகக் கப்பலின் பேரைச் சொல்லிவிட்டேன்.

"கப்பலுக்கு என்ன நட்சத்திரம் மாமி?" என்று சிரித்தார் குருக்கள்.

"அதுல இருபத்திரண்டு பேர் இருக்கா."

"அப்போ எல்லார் பேரையும் சொல்லுங்கோ."

எனக்கு ஒரு பேர்தான் தெரிந்தது.

சாய்சரண் உங்களைக் கூப்பிட்டால் மற்றவர்கள் பேரையும் கேட்டு எழுதுங்கள். நட்சத்திரம் தெரியாதவர்களுக்குப் பேர் போதும். ஹம்சா எழுந்துவிட்டாள், நிறுத்துகிறேன்.

ஜானு