உங்கள் காலரில் இருந்த கை

இன்று காலை கணினியைத் திறந்தேன். நீங்கள் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

உங்களுக்கு ஏது கோட்டு? நம் கல்யாணத்துக்கே போடாதவர். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற நாளில், எல்லாரும் டை கட்டி வந்த கூட்டத்தில் பூப்போட்ட பாத்திக் சட்டையோடு போய் நின்றவர். இப்போது கறுப்புக் கோட்டு, நீல டை, மை பூசியதுபோல் கறுத்த முடி. கழுத்துக்கு மேலே நீங்கள். கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு வங்கி மேலாளர். அந்த மனிதரோடு நான் நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தவில்லை.

செய்தது உங்கள் மகன். நல்லது செய்தால் என் மகன் என்பேன். இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் உங்கள் மகன்.

கிள்ளானில் தன் வீட்டிலிருந்து மதியம் வந்தான். கணினி மெதுவாக ஓடுகிறது, மாடிக் குடியிருப்போர் கூட்டத்தின் குறிப்பைத் தட்டச்சு செய்வதற்குள் பாதிப் பகல் போய்விடுகிறது என்று நான்தான் போனில் சொல்லியிருந்தேன். என் கணக்கைத் திறந்து அவனிடம் விட்டுவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்தபோது திரையில் நம் இருவர் கணக்குக்கும் இருந்த சதுரப் படங்கள் இரண்டும் மாறியிருந்தன. உங்கள் சதுரத்தில் இந்தக் கோட்டு. என் சதுரத்தில் ஒரு தாமரைப் பூ.

"என்னடா இது?"

"நல்லாத்தானம்மா இருக்கு? சுவத்துல மாட்டியிருக்கோமே, அதே படம்லா. முன்ன இருந்தது ஒரே கோணல். சட்டை பட்டன்கூடப் போடலை."

"உன்ன யாரு மாத்தச் சொன்னா?"

"சர்ப்ரைஸ்மா."

நான் படித்த கான்வென்டில் முதல் வாரமே சிஸ்டர் எங்களுக்குச் சொன்னது, பக்கத்து மேசையில் இருக்கும் பென்சிலைக்கூடக் கேட்காமல் தொடாதே என்பது. அதை உங்கள் மகனுக்கும் நான் சொல்லித்தான் வளர்த்தேன். நீங்கள்தான் பக்கத்தில் நின்றுகொண்டு, "வீட்டுக்குள்ள என்னம்மா பெர்மிஷன்" என்று சிரித்துக் கெடுத்தீர்கள். அதனால் இந்தக் கோபத்தில் பாதி உங்களுக்கும் உண்டு. வாங்கிக்கொள்ளுங்கள்.

அவன் எடுத்தெறிந்த பழைய படம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். கிள்ளானில் அவன் வீடு வாங்கிக் கிரகப்பிரவேசம் செய்த அன்று எடுத்தது. அன்று வெயிலில் உங்கள் சட்டையின் மேல் பட்டன்கள் இரண்டும் திறந்திருந்தன. காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்து, ஒரு பக்கம் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. போட்டோ எடுக்கும் நேரத்தில் நான் அந்தக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். நீங்கள் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள், விழுந்த கடைவாய்ப் பல்லின் இடம் தெரிய.

இந்தக் கணினி வீட்டுக்கு வந்ததும், ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு படம் என்று நீங்கள் உட்கார்ந்தீர்கள். அந்தப் போட்டோவை எடுத்து என்னை வெட்டிவிட்டீர்கள். என் முகம் போய், கை மட்டும் உங்கள் காலரைப் பிடித்தபடி சதுரத்தின் ஓரத்தில் நின்றது.

"இது யாரு கைன்னு கேட்டா என்ன சொல்வீங்க? பேய்க் கையா?"

"சதுரம் சின்னதும்மா. ஒரு தலைதான் கொள்ளும்."

"அப்ப கையையும் வெட்டுங்க."

"கைய வெட்டினா என் காலர் கீழ விழுந்துருமே."

என் கணக்குக்கு நீங்கள் வைத்த படம் இன்னும் மோசம். கணினியோடு வந்த படங்களில் எவ்வளவோ இருந்தன. பூ இருந்தது, கித்தார் இருந்தது, சதுரங்கக் காய் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, குழந்தைகள் குளிக்கும்போது மிதக்கவிடும் மஞ்சள் வாத்தைப் போட்டீர்கள். முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தை நடத்தியவளுக்கு வாத்து!

"ஏன் வாத்து?"

"ஸ்கூல் வராந்தாவுல நீ வர்றத எத்தனை நாள் கேட் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். தலைய நிமிர்த்திக்கிட்டு, ரெண்டு பக்கமும் அளந்து பாத்துக்கிட்டு. அதே நடை."

மாற்றச் சொன்னேன். "நீயே மாத்திக்கோ, உன்னால முடியும்" என்றீர்கள். எனக்குக் கணினி தெரியாது என்று குத்திக்காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். மூன்று நாள் உங்களோடு பேசவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் காலையில் என்னை அந்த வாத்துதான் வரவேற்றது. மாற்றச் சொல்லி மறுபடி கேட்கமாட்டேன் என்று நானும் இருந்துவிட்டேன். மாற்றுவது எப்படி என்று கற்றுக்கொள்ளவும் இல்லை. இரண்டுமே வீம்பு. ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் போன அன்று, பத்திரிகைக்குப் படம் வேண்டும் என்று உங்கள் மகன் தன் போனிலிருந்து அதே கிரகப்பிரவேசப் படத்தை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனான். அங்கே எல்லாருக்கும் செய்வதையே உங்களுக்கும் செய்தார்கள். செத்தவர் யாராக இருந்தாலும் ஒரு கோட்டு, ஒரு டை, பின்னால் வானநீலம். லோரி ஓட்டியவருக்கும் அதே கோட்டு, வக்கீலுக்கும் அதே கோட்டு. பதினாறாம் நாள், பூமாலைக்கு நடுவே அந்தப் படத்தை முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். நான் பிடித்திருந்த இடத்தில் கறுப்புத் துணி வழவழவென்று இருந்தது. என் கையைத் துடைத்து எடுத்திருந்தார்கள். வீடு நிறைய சொந்தக்காரர்கள். "எவ்வளவு அம்சமா இருக்காரு" என்று உங்கள் தங்கை அழுதாள். பிறர் முன்னால் குரலை உயர்த்துவது எனக்குப் பழக்கமில்லை. சுவரில் இருந்தால் இருக்கட்டும், கணினியில் என் கை இருக்கிறது என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அதுவும் போனது. அதோடு நிற்கவில்லை.

தேநீரைக் குடித்துக்கொண்டே உங்கள் மகன் சொன்னான்: "அடுத்த வாரம் வந்து அப்பா கணக்கையே எடுத்துடறேன்மா. சும்மா இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு. உள்ள என்ன இருக்கப்போகுது? சீட்டு கேம்தான்."

"அந்தப் போட்டோ முழுசா இருக்கு. நான் இருக்கிற பாதியும்."

"அப்படியா? என் பழைய போன்ல இருந்தது. அதைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டேனே. ஸ்டூடியோவுலயும் இப்ப வெச்சிருக்க மாட்டான்."

"அப்ப அது ஒண்ணுதான் மிச்சம். எடுக்காதே."

"அதத் திறக்கவே முடியாதும்மா. பாஸ்வர்ட் அப்பா யாருக்கும் சொல்லலியே."

"பாஸ்வர்ட் தெரியாம நீ மட்டும் எப்படி அழிப்பே?"

அவன் சிரித்தான். "ம்மா, அப்பாவோடது சாதாக் கணக்கு. உங்களோடதுதான் அட்மினிஸ்ட்ரேட்டர். உங்க கணக்குல உக்காந்தா யாரு படத்தையும் மாத்தலாம், யாரு கணக்கையும் அழிக்கலாம். பாஸ்வர்டக்கூட எடுத்துடலாம். உங்களுக்குத் தெரியாதா? அப்பாதானே செட் பண்ணாரு."

எனக்குத் தெரியாது. வருடக்கணக்கில் எனக்குத் தெரியாது. புது எழுத்துரு வேண்டும், பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் என் நாற்காலியில், என் கணக்கில் உட்கார்ந்து செய்துகொடுத்தீர்கள். உங்கள் வசதிக்காக என்று நினைத்தேன். உங்கள் கணக்கில் அதைச் செய்யவே முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? "உன்னால முடியும்" என்றீர்களே, அதையாவது மனிதருக்குப் புரியும்படி சொல்லியிருக்கக் கூடாதா? சாவிக்கொத்தை என் இடுப்பில் செருகிவிட்டு, நான் கதவைத் தட்டுவதை வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள். இதை அன்பு என்று சொல்லி உங்களை நான் விட்டுவிடப் போவதில்லை.

நான்கு நாள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று காலையில் பசியாறிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கே அழுத்த வேண்டும் என்று எவரையும் கேட்கவில்லை. எழுதியிருப்பதை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். படிக்கத் தெரிந்தவளுக்கு அது போதுமாயிருந்தது. உங்கள் கணக்கு, படத்தை மாற்று. கித்தார், பூனைக்குட்டி, சதுரங்கம் என்று வரிசை வரிசையாகப் படங்கள் வந்தன. கடைசி வரிசையின் கடைசியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, பழைய சதுரம். பல் போன சிரிப்பு. தவறாக அழுத்தி அதையும் தொலைத்துவிடுவேனோ என்று இருமுறை படித்துப் பார்த்தேன். பிறகு அழுத்தினேன்.

கோட்டு போனது. பட்டன் திறந்தது. காலர் கோணியது. ஓரத்தில் என் கை, கல்யாண மோதிரத்தோடு.

பிறகு தாமரையை எடுத்துவிட்டு வாத்தை வைத்தேன். சிரிக்காதீர்கள். அது என் வாத்து, எனக்கு வேண்டுமென்றால் நான் மாற்றுவேன். அதோடு, இத்தனை நாள் பூட்டில்லாமல் கிடந்த என் கணக்குக்கு ஒரு கடவுச்சொல்லும் போட்டேன்.

சற்றுமுன் உங்கள் மகன் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரவா என்றான். வா என்றேன், கணினிக்குக் கடவுச்சொல் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"என்னம்மா இது? சரி, என்ன பாஸ்வர்ட்? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"அப்பா கணக்கை அழிக்கறதுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் பெர்மிஷன் வேணும். அவங்க தரமாட்டாங்களாம்."

"சரிம்மா. கேக்காம மாத்தினது தப்புதான்" என்றான். சாப்பிட என்ன செய்யட்டும் என்று கேட்டேன். நண்டு என்றான். சரி, ஞாயிற்றுக்கிழமை அவன் என் மகனாக இருக்கட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. உங்கள் கடவுச்சொல்லை எடுத்துவிட்டு உள்ளே போகும் வழியையும் இன்று படித்தேன். இரண்டு இடத்தில் அழுத்தினால் போதும். முழுப் போட்டோ அங்கே இருக்கிறது, நான் இருக்கும் பாதியும் சேர்ந்து. அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன். வெகுநேரம் வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அடுத்தவருடையதைக் கேட்காமல் தொடக் கூடாது. கேட்க நீங்கள் இல்லை. என் கோபமெல்லாம் அங்கேதான் வந்து நிற்கிறது.

நாளைக் காலையும் வாத்தை அழுத்தித்தான் உள்ளே போவேன். பக்கத்துச் சதுரத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். காலர் இன்னும் சரியாகவில்லை. நான் கையை எடுக்கவும் இல்லை.